சாஜிதா நின்ற நாவல் மரம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோ என்னுடையது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் கல்யாணம் ஆன பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் படியேறிய ஞாபகம் இருக்கும். அவர்கள் முகத்திலிருந்த பருவையும் கருவளையத்தையும் துடைத்து, ஆல்பத்தில் அம்சமாக உட்காரவைத்தது எங்கள் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. துடைத்தது சாஜிதா.

பள்ளிவாசல் தெரு டெய்லர் ஜகபர் அலியின் மகள் அவள். பிளஸ் டூ முடித்த கையோடு என்னிடம் வேலைக்கு வந்தாள். மௌஸைப் பிடித்தால் அவ்வளவு பதவிசாகப் பிடிப்பாள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் மாதிரி மணப்பெண்ணை அவளைப் பெற்ற அம்மாவுக்கே அடையாளம் தெரியாதபடி மாவு பூசி அனுப்ப மாட்டாள். அதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

"மச்சத்தை எடுக்க மாட்டேண்ணே. அது அவங்களோடது. பரு வாடகைக்கு வந்தது, அத காலி பண்ணிடலாம்."

ஊர் முகத்தையெல்லாம் திருத்திய அவள், தன் முகத்தை மட்டும் ஒருநாளும் கேமராவுக்குக் காட்டியதில்லை. இடது உதட்டோரம் தொடங்கிக் கன்னத்தில் படர்ந்து கழுத்துக்கு இறங்கும் ஒரு வெள்ளைத் திட்டு அவளுக்கு உண்டு. சின்ன வயதில் வந்தது. தொற்றாது, ஆபத்தும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஊர் வாய்க்கு யார் மருந்து எழுதுவது? துப்பட்டாவை இடது கன்னம் மறையும்படி இழுத்து ஒரு பின் குத்திக்கொள்வாள். புது லைட் வாங்கினால் சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும். நான் அவள் பக்கம் திரும்புவதற்குள் டீக்கடை மாஸ்டரை இழுத்து வந்து ஸ்டூலில் உட்காரவைத்துவிடுவாள். ஆதார் கார்டில் இருக்கும் படம்கூட பர்ஸுக்குள் குப்புறத்தான் கிடக்கும்.

பெண் பார்ப்பவர்கள் போட்டோ கேட்டபோது, அவள் அம்மா என்னிடம் வந்து நின்றார். 'நான் பார்த்துப் பண்ணித் தரேன்' என்று நானும் வாய் கொடுத்தேன். சாஜிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கட்டிக்கிறவன் போட்டோவையாண்ணே கட்டிக்கப் போறான்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. கல்யாணமும் நின்றுபோனது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் இருந்தது.

அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் திடீரென்று என்னை விட்டுவிட்டு மரத்துக்கு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

வல்லம் பக்கத்தில் காணி, அரைக்காணி வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகக் கன்று கொடுத்து, வரப்பிலும் கொல்லை ஓரத்திலும் நடச் சொல்லும் ஒரு நிறுவனம் வந்தது. செல்போனும் போட்டோவும் தெரிந்த, பெண்களிடம் பேசிப் பழகத் தெரிந்த ஆள் ஒருத்தர் வேண்டும் என்றார்கள். நான் சொல்லிக்கொடுத்த தொழிலைக் கொண்டுபோய்ப் புங்கங்கன்றுக்கும் வேப்பங்கன்றுக்கும் செய்யப் போகிறாளே என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். "மரம் ஆல்பம் கேக்குமா? ஃபிரேம் கேக்குமா? அட, சிரிக்கவாவது சிரிக்குமா?" என்று கேட்டேன். "கண்ண மூடாதுல்லண்ணே" என்றாள். குரூப் போட்டோவில் எத்தனை மூடிய கண்களைத் திறந்துவைத்தவள். அவளுக்குத்தான் தெரியும் அந்த அருமை.

ஆனாலும் சாயங்காலமானால் ஸ்கூட்டியை என் கடை வாசலில்தான் நிறுத்துவாள். டீயைக் குடித்துக்கொண்டே போனில் வரைபடத்தைத் திறந்து காட்டுவாள். அது இப்படித்தான்: விவசாயி தன் சொந்தப் போனிலிருந்தே படம் எடுக்க வேண்டும். கன்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த ஆளின் உயரத்தை வைத்துத்தான் மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நிறுவனத்தின் ஆப் கணக்கிடும். ஆள் இல்லாத படத்தை வாங்கவே வாங்காது. எல்லா மரத்தையும் எடுக்கத் தேவையில்லை. ஆளுக்கு மூன்று நான்கு மரத்தை மாதிரிக்கு எடுத்தால் போதும். மரம் நன்றாக இருந்தால் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி, சாகிற நிலையில் இருந்தால் சிவப்புப் புள்ளி.

வல்லத்துக்குப் போகிற வழியில் பாறைக்கு நடுவே இருக்கும் கல்லேரிக்குப்பம்தான் அவள் முதலில் பிடித்த ஊர். வேர்க்கடலையை விட்டால் வேறு வெள்ளாமை தெரியாத மண். சித்திரை பிறந்தால் கிணற்றில் தவளைகூட இருக்காது. "கன்னு வச்சா தண்ணிக்கு எங்க போறது?" என்று அந்தப் பெண்கள் கேட்டதற்கு, "வெயில் காலத்துல டேங்கர்ல தண்ணி வரும்க்கா. என்னை நம்பி வைங்க" என்று இவள் வாக்குக் கொடுத்தாள். நிறுவனமும் அந்த ஏற்பாட்டைச் செய்துதான் இருந்தது. ஊர்ப் பெண்கள் குழுவுக்குத் தலைவியாக வந்தவர் காத்தாயி. புருஷன் இல்லாதவர். கொஞ்சம் நிலம், மோனிகா என்று ஒரே மகள். அந்த மகள் கம்பெனி வேலைக்குப் போய் ஹாஸ்டலில் இருந்தாள். காத்தாயிக்குப் போனில் போட்டோ எடுக்கப் பழக்க சாஜிதா பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் மாதம் வந்த படமெல்லாம் காத்தாயியின் கட்டைவிரல்தான்.

நட்டு ஒரு மழைக்காலம் போய், அடுத்த மழைக்காலமும் போனது. சாஜிதா அடுத்தடுத்த ஊர்களைப் பிடிக்கப் போய்விட்டாள். மாசி மாதம் ஊரே படம் எடுத்து அனுப்பியது. அன்று சாயங்காலம் சாஜிதா டீயைத் தொடவில்லை. போனை என் முன்னால் வைத்தாள். கல்லேரிக்குப்பம் முழுக்கச் சிவப்பு. ஊருக்கே அம்மை வார்த்த மாதிரி இருந்தது.

படங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு கன்று. இன்னொன்றில் ஆடு கடித்துப்போட்ட மொட்டைத் தண்டு. காத்தாயி அனுப்பியதில் இலையே கிடையாது. பக்கத்தில் நின்ற ஆள் மட்டும் நன்றாக இருந்தார்.

"மொத்தமும் போச்சாண்ணே?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கன்றெல்லாம் ஆளுயரத்துக்கு நிற்கிறதாம்! கொல்லைக்குள்ளே பழைய புடவையைச் சுற்றிலும் கட்டி மறைத்து, மாமியாருக்குத் தெரியாமல் நகையை வைத்திருப்பது போல மரத்தை வைத்திருக்கிறார்களாம்.

"அப்ப போட்டோல இருக்கறது இன்னாக்கா?" என்று காத்தாயியைக் கேட்டிருக்கிறாள்.

"அதுவும் நம்ம புள்ளதான். நோஞ்சான். அத காமிச்சா எவன் கண்ணு வைக்கப்போறான்?"

இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் பக்கத்து விவசாயியை 'கடலை எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். மூட்டை மூட்டையாக விளைந்திருந்தாலும் 'ஏதோ இருக்குது' என்றுதான் பதில் வரும். நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னாலே கண் பட்டுவிடும். அப்படியிருக்க, நல்ல மரத்தைப் படம் பிடித்து முகம் தெரியாதவர்கள் பார்க்க ஊரெல்லாம் அனுப்பு என்றால் அனுப்புவார்களா? தூங்குகிற குழந்தையையே போட்டோ எடுக்க விடமாட்டார்கள்.

அதிலும் காத்தாயி சூடு கண்ட பூனை. கால்நடை முகாமில் அவருடைய பசு முதல் பரிசு வாங்கியது. மாலை போட்டுப் படம் பிடித்துப் பேப்பரில் போட்டார்கள். அந்த வாரத்துக்குள் மாடு செத்துப்போனது. பிளாஸ்டிக் கவரைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். "கவர அது தெனம்தான் தின்னுது. போட்டோ அன்னிக்குதானே எடுத்தாங்க?" என்பது காத்தாயியின் கட்சி.

நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அரிகிருஷ்ணன் விழுப்புரத்திலிருந்து போன் செய்தார். நல்ல மனிதர்தான். சாஜிதா விஷயத்தை விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"புரியுது மேடம். எங்கம்மாவும் அப்படித்தான். ஆனா கம்ப்யூட்டருக்கு அம்மா கெடையாதே. அது படத்தைத்தான் பாக்கும். பாதிக்கு மேல செவப்பா இருந்தா அந்த ஊர மூடிடும். மூடிட்டா டேங்கர் கெடையாது. மாசி கடைசிக்குள்ள நல்ல படத்தை ஏத்துங்க."

டேங்கர் இல்லையென்றால், புடவை கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கும் அத்தனை மரமும் சித்திரை வெயிலில் நிஜமாகவே கருகிவிடும். கண்ணுக்குப் பயந்து மறைத்தது மறைத்தபடியே போய்ச் சேரும். சாஜிதா அதற்குப் பிறகு தினமும் போனாள். ஊரில் ஒரே பதில்தான்: "காத்தாயி எடுக்கட்டும், நாங்களும் எடுக்கறோம்." காத்தாயியின் பதிலும் ஒன்றுதான்: "காய் காய்க்கட்டும், பாக்கலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடமாகப் போட்டோ எடுப்பவன் நான். என் கேமரா முன் உட்கார்ந்தவர்களெல்லாம் செத்தா போய்விட்டார்கள்? நானே வந்து நாலு வார்த்தை சொல்கிறேன் என்று கிளம்பினேன். ரேஷன் கடை முன்னால் பெண்களை உட்காரவைத்து லென்ஸ், வெளிச்சம், நிழல் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆண்டாள் என்ற பெண் கேட்டாள்: "அப்ப உங்க கடையில கேமரா மேல எலுமிச்சம்பழம் எதுக்கு நயினாரே தொங்குது?"

நாங்கள் மேல்சித்தாமூர் ஜைனர்கள். எங்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த எலுமிச்சம்பழத்தை மாட்டியது என் மனைவி ஜினப்பிரியா. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாசி கடைசி நாள் மத்தியானம் சாஜிதா கடைக்கு வந்தாள். கையில் ஒரு தண்ணீர் கேன். முகத்தில் ஒரு தெளிவு.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் வாசலில் அந்தி சாய்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள். இடுப்பில் பிள்ளையோடு சுற்றுவட்டாரத்துப் பெண்கள் நிற்பார்கள். வீட்டில் கும்பிடுவது மாரியம்மனை, முனீஸ்வரனை. ஆனால் பிள்ளை வீறிட்டு அழுதால், பால் குடிக்காவிட்டால் இங்கேதான் தூக்கிவருவார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, பிள்ளையின் நெற்றியில் ஊதிவிட்டுப் போவார்கள். காத்தாயியும் ஒருகாலத்தில் மோனிகாவைத் தூக்கிக்கொண்டு நின்ற வாசல் அது. அதை நினைத்துத்தான் சாஜிதா தன் அத்தாவிடம் சொல்லித் தண்ணீர் ஓதி வாங்கி வந்திருந்தாள். "புள்ளைக்கு ஓதியிருக்கேன், ஆட்டுக்கு ஓதியிருக்கேன். செடிக்கு இப்பதான்" என்று ஜகபர் அலி சொன்னாராம்.

"உனக்கு இதுல நம்பிக்கை இருக்குதா?" என்று கேட்டேன்.

"எப்படியிருந்தாலும் தண்ணி ஊத்தினா செடிக்கு நல்லதுதானேண்ணே" என்றாள்.

ஸ்கூட்டி பங்க்சர். என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டிய குடும்பம் எங்களுடையது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

கேனைப் பார்த்ததும் காத்தாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நேராகக் கொல்லைக்கு நடந்தார். ஊர்ப் பெண்களெல்லாம் பின்னாலேயே வந்தார்கள். புடவை மறைப்பை அவிழ்த்தார். உள்ளே ஒரு நாவல் மரம். என்னைவிட உயரம். ஒவ்வோர் இலையும் எண்ணெய் தடவித் தலை வாரிய மாதிரி மினுமினுவென்று இருந்தது. 'அடேயப்பா' என்று நான் வாயைத் திறப்பதற்குள் சாஜிதா என் காலை மிதித்தாள்.

காத்தாயி தண்ணீரை அள்ளி இலை மேலும் வேர் மேலும் தெளித்தார். இடுப்பிலிருந்து ஒரு மைச்சிமிழை எடுத்து, அடிமரத்தில் பெரிதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார். பிறகு போனை எடுத்தார். "பக்கத்துல யாரு நிக்கறது?"

நின்றிருந்த பெண்கள் ஆளுக்கு ஓரடி பின்வாங்கினார்கள்.

"நீங்களே நில்லுங்கக்கா, ஆண்டாளக்கா எடுக்கட்டும்" என்றாள் சாஜிதா.

"எம் போன நாந்தான் அமுத்துவேன். நானும் நிக்கமாட்டேன். தாய்க்கண்ணு பேய்க்கண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"நாங்க பங்காளி வூடு. நாளைக்கு ஒரு எல உதுந்தாலும் எந்தலையிலதான் வுழும்" என்றாள் ஆண்டாள்.

நான் தலையைக் கோதிக்கொண்டு முன்னால் வந்தேன். காத்தாயி கையை நீட்டித் தடுத்தார். "நயினார் வாணாம். எத்தினி மூஞ்சிய உத்துப் பாத்த கண்ணு அது!"

மிச்சமிருந்தது சாஜிதாதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கை தானாகவே துப்பட்டாவின் பின்னுக்குப் போனது. "வேணாம்மா, வேற யாரையாவது கூப்பிடலாம்" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்? வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்று விட்டால் நாளை கிடையாது.

மரத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பின்னைக் கழற்றினாள். துப்பட்டா தோளில் விழுந்தது. மரத்தின் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றாள்.

"நானே நிக்கறேன்க்கா" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "எம் மூஞ்சி இப்படி இருக்கறப்ப யாரு கண்ணு மரத்துக்குப் போவப்போகுது? திருஷ்டிப் பொட்டா நானே இருந்துட்டுப் போறேன்."

காத்தாயி போனைத் தூக்கிப் பிடித்தார். பிறகு இறக்கினார். நேராக மரத்தடிக்கு நடந்தார். அடிமரத்துப் பொட்டைச் சரிசெய்யத்தான் போகிறார் என்று நினைத்தேன். மைச்சிமிழைத் திறந்து, விரலில் தோய்த்து, சாஜிதாவின் வலது கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

"யாருடி உன்ன பொட்டுன்னு சொன்னது? மரத்துக்குக் கண்ணு பட்டா வேற மரம் வச்சிக்கலாம். உனக்குப் பட்டா நாங்க எங்க போறது?"

இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். பத்து விரலும் படபடவென்று சொடுக்கியது. சாஜிதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவளும் துடைக்கவில்லை, காத்தாயியும் துடைக்கவில்லை.

முதல் படத்தில் வழக்கம்போலக் கட்டைவிரல் விழுந்தது. இரண்டாவது நன்றாக வந்தது. சாஜிதாவின் போனில் ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு புடவைகள் அவிழ்ந்தன. ஒவ்வொரு கொல்லையிலும் தண்ணீர், பொட்டு, பக்கத்தில் சாஜிதா. நல்ல வெளிச்சம் எந்தப் பக்கம் என்று காட்டுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நாங்கள் செஞ்சிக்குத் திரும்பும்போது ராஜகிரிக் கோட்டை மேல் வெளிச்சம் சுத்தமாகப் போய்விட்டது. அன்று எனக்குப் பட்டினி. ஜினப்பிரியா திட்டியதைக்கூடச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

சித்திரையில் டேங்கர் வந்தது. அதற்கு அடுத்த வாரம் காத்தாயி பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். போனை மேஜையில் வைத்து, "இத பெருசா போட்டு கண்ணாடி மாட்டிக் குடு நயினாரே. வூட்ல மோனிகா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்" என்றார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பழக்கதோஷம், கர்சர் நேராகக் கன்னத்துக்குப் போனது. பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த சாஜிதா, "கை வைக்காதீங்கண்ணே" என்றாள்.

"வெள்ளையத் தொடலம்மா. அந்த மைப்பொட்டு ரொம்பத் துருத்திக்கிட்டு நிக்குது. அத மட்டும் எடுத்துடட்டுமா? அது வாடகைக்கு வந்ததுதானே?"

அவள் என் தோளுக்கு மேலே குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"இல்லண்ணே. ரெண்டும் என்னோடதுதான்."

அப்படியே பிரிண்ட் போட்டேன். யாரும் கேட்காமலே இன்னொரு பிரதியும் போட்டேன். என் கடை ஷோகேஸில் மணப்பெண்களுக்கு நடுவே அது இருக்கிறது. மாட்டியது நான் இல்லை. நான் சுவரில் ஆணி தேடிக்கொண்டிருந்தபோதே, ஒரு மணப்பெண்ணைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு சாஜிதாவே மாட்டிவிட்டாள்.